இடுப்பு பெல்ட், கூன் நிமிர்த்தும் கருவி: வாங்கியவர்கள் சொல்லுங்கள்

தறிக்காரன்:
அப்பாவின் இடுப்பு வலிக்கு எல்.எஸ். பெல்ட், இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. மெடிக்கலில் இடுப்பைக்கூட அளக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் வயிற்றை அது இறுக்க, சட்டையைத் தூக்கி வெல்க்ரோவை 'சர்ர்ர்' என்று பிரித்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது. இலையை மூடும்வரை மனுஷன் தலை நிமிரவில்லை. வலி இருந்தபடியேதான் இருக்கிறது. தண்டச் செலவு.

சிறுசேரி வாசி:
பெல்ட்டாவது தேவலாம். நான் வாங்கியது முதுகில் ஒட்டுகிற கருவி. குனிந்தால் அதிரும். ஓ.எம்.ஆரில் வேகத்தடைக்கு வேகத்தடை அதிர்ந்தது. வண்டியை ஓரங்கட்டி, காலருக்குள் கையை விட்டுப் பிய்த்து எறிந்தேன். "என்ன சார், பூரானா?" என்றார் பின்னால் வந்த ஆட்டோக்காரர்.

எல்4 எல்5:
தறிக்காரன், உங்கள் அப்பாவுக்குச் சரிப்படவில்லை என்றால் பெல்ட்டே தண்டமா? பிடிப்பு விழுந்த வாரம் நான் கட்டிலை விட்டு எழுந்ததே அதைக் கட்டிக்கொண்டுதான்.

நடராஜா சர்வீஸ்:
என் கதை சின்னது. 'ஆர்த்தோ' என்று போட்டிருந்த பலகை மாதிரி மெத்தை வாங்கினேன், இடுப்போடு தோளும் சேர்ந்து வலித்தது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில் 313 பேரை இரண்டு வகை மெத்தையில் படுக்க வைத்தார்கள். 90 நாள் கழித்து, கெட்டி மெத்தைக்காரர்களைவிட நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே நல்ல பலன். பெல்ட் விஷயத்தில், டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-லேயே இடுப்பு வலிக்கு அதைத் தர வேண்டாம் என்றது. நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் அதையே சொன்னது. எலும்பு முறிவு, ஆபரேஷன் என்று டாக்டர் மாட்டச் சொன்னால் அது வேறு கணக்கு. எல்4 எல்5, திடீர்ப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அப்போது இடுப்பில் எது இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். முடிந்த அளவு நடங்கள். கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ எதையும் மாட்டிப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எல்4 எல்5:
உங்களிடம் யார் வைத்தியம் கேட்டது? தானாக இறங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. வீட்டில் நான் தனி ஆள். பாத்ரூம்வரை போக ஒரு தைரியம் வேண்டியிருந்தது, அதை பெல்ட் கொடுத்தது. இப்போது அது பரணில் கிடக்கிறது.