பிட்டர் விக்டரி (1957): தேள் சீன்ல அந்த மேஜர் செஞ்சது கொலையா?

நேத்து ராத்திரி நிக்கலஸ் ரே எடுத்த இந்தப் படம் பார்த்தேன், அப்புறம் தூக்கமே வரல. ரெண்டாம் உலகப்போர் கதை, லிபியா பாலைவனம், ஒரு பிரிட்டிஷ் படை பெங்காசி ஊர்ல ஜெர்மன்காரன் ஆபீஸ்ல பூந்து டாக்குமெண்ட் தூக்கிட்டு நடந்தே திரும்பணும். மேஜர் பிராண்டா கர்ட் யூர்கன்ஸ், கேப்டன் லீத்தா ரிச்சர்ட் பர்ட்டன். மேஜரோட பொண்டாட்டி லீத்தோட பழைய காதலி. லீத் கால்சட்டைக்குள்ள தேள் ஏறுது, பிராண்ட் பார்க்குறான், வாயே திறக்கல. இது பொறாமையா, வேற ஏதாவதா? எனக்குப் பொறாமைன்னு தோணல, ஆனா என்னன்னு சொல்லவும் தெரியல.

கிணத்துத்தவளை:
பொண்டாட்டி மேட்டர் சும்மா சாக்கு ப்ரோ. பெங்காசில காவலாளிய கத்தியால குத்த வேண்டியது பிராண்ட், கை வரல, உறைஞ்சு நிக்குறான், லீத் தான் போய் முடிக்குறான். அதைப் பார்த்த ஒரே ஆள் லீத். காதலனை மன்னிச்சாலும் மன்னிப்பான், தன் பயத்தைப் பார்த்த கண்ண எப்படி மன்னிப்பான்? அப்புறம் விஷம் இருக்குமோன்னு எல்லாரும் தயங்குற கிணத்துல முதல் ஆளா தண்ணி குடிக்குறானே, அது யாருக்காக? லீத்துக்குக் காட்டத்தான். அவன் அசர்ற மாதிரியே தெரியல, அதுல இன்னும் வெறி ஏறுது.

மணல்மேடு:
லீத்த ரொம்ப தியாகி ஆக்காதீங்க தோழர். காயம்பட்டவங்களோட அவனை விட்டுட்டு மத்தவங்க போயிடுறாங்கல்ல, அங்க ஒருத்தன சுட்டுடுறான், இன்னொருத்தனுக்குக் குண்டு இல்ல, துப்பாக்கி வெறுமனே டிக்குங்குது, சரின்னு தோள்ல தூக்கிட்டு நடக்குறான், அவனும் தோள்லயே செத்துப் போறான். கொல்ல நினைச்சவனைக் காப்பாத்தி, காப்பாத்தினவனும் போயிட்டான். பர்ட்டன் மூஞ்சி அந்த இடத்துல பாருங்க, அழுகையும் இல்ல சிரிப்பும் இல்ல, நானே பாஸ் பண்ணி வச்சுப் பார்த்தேன். ஆள் ஊர்ல தொல்பொருள் ஆராய்ச்சிக்காரன், பத்தாம் நூற்றாண்டு இடிபாட்டைப் பார்த்து ‘ரொம்பப் புதுசு’ன்னு சொல்றவன், உயிரோட இருக்கிற மனுஷன் மேல அவனுக்குப் பெரிய பிடிப்பு இருந்த மாதிரி எனக்குத் தெரியல. பிராண்டைக் குத்திக் குத்திப் பேசினதும் அவன்தானே.

பழைய ரீல்:
எந்த வெர்ஷன் பார்த்தீங்க? அமெரிக்காவுல வெட்டிப் போட்டது 82 நிமிஷம் தான், அதை வச்சு பேசினா பாதி புரியாது, நூறு நிமிஷத்துக்கு மேல வர்றத தேடிப் பாருங்க. வெனிஸ் விழாவுல போட்டியில இருந்த படம், பிரெஞ்சு டைரக்டர் கோடார் இதைக் கொண்டாடினார், ஆனா சாதாரண ஆளுங்க அப்போ கண்டுக்கல. ஜெர்மன் நடிகர் பிரிட்டிஷ் மேஜரா பேசுறது எனக்கு இப்பவும் உறுத்தும், அது வேற விஷயம்.

கேள்வி கேட்டவன்:
நான் பார்த்தது சின்னதுதான் போல, சீன் சீனா தாவுச்சு. சரி, கடைசில மணல்புயல்ல லீத் தன் உடம்பால பிராண்டை மறைச்சு சாகுறானே, அது அன்பா பழிவாங்கலா?

கிணத்துத்தவளை:
உயிரைக் கொடுத்துக் கடன்காரனாக்கிட்டுப் போயிட்டான். அதான் மெடல் கிடைச்சதும் பிராண்ட் அதைத் தன் நெஞ்சுல வச்சுக்க முடியாம, ட்ரெய்னிங்ல கத்தி குத்திப் பழகுற அந்த பொம்மை நெஞ்சுல குத்திட்டு நிக்குறான். படம் ஆரம்பிக்கும்போதே தொங்குதே, அதே பொம்மைங்க.