அருவருப்பு ஏற்படும்போது ரத்த அழுத்தம் கூடுமா, குறையுமா?

பூன் லே வாசி:
வணக்கம். நீரிழிவால் என் மாமியாரின் குதிகாலில் வந்த புண் எளிதில் ஆறாததால், அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு நான்தான் கட்டு மாற்றி வருகிறேன். பழைய துணியைப் பிரித்ததும் அதில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கசிவும் வாடையும் வயிற்றைப் புரட்டுகின்றன. வாயில் எச்சில் ஊறி, உள்ளங்கை சில்லிட்டு, சில வேளைகளில் கண்ணும் இருட்டுகிறது. நான் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் உட்கொள்பவள். வேலை முடிந்த கையோடு கருவியில் பார்த்தால் மேல் எண் 150ஐத் தாண்டுகிறது. மாமியார் மனம் நோகக் கூடாதென்று முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கிக்கொள்வது இதயத்துக்குக் கெடுதலா?

உடலியல் ஆர்வலர்:
அக்கா, கோபமும் அச்சமும் இதயத்தை விரைவாகத் துடிக்க வைப்பதைப் போல அருவருப்பு எப்போதும் செய்வதில்லை. 1983இல் எக்மன், லெவன்சன், ஃபிரீசன் ஆகிய மூன்று உளவியலாளர்களும் செய்த ஆய்விலேயே, கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றின்போது இருந்ததைவிட அருவருப்பின்போது நாடித்துடிப்பு குறைவாக இருந்தது. அழுக்கு, அழுகல் போன்றவற்றைக் கண்டு எழும் அருவருப்பில் துடிப்பு சற்றுக் கூடலாம், மாறாமலும் இருக்கலாம். ரத்தத்தையும் காயத்தையும் கண்டு எழும் அருவருப்பிலோ பெரும்பாலும் குறையும். புண்ணைப் பார்ப்பவருக்கு இரண்டும் கலந்தே வரும் என்பது என் எண்ணம். எச்சில் ஊறுவது, உடலை ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் கொண்டுசெல்லும் இணைப்பரிவு நரம்பு மண்டலத்தின் வேலை. குமட்டலில், அதைச் சேர்ந்ததும் மூளையிலிருந்து வயிறுவரை செல்வதுமான வேகஸ் நரம்புக்குப் பங்கு உண்டு. கை சில்லிடுவது தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால்.

அடக்குவது பற்றிக் கேட்டீர்கள். கிராஸ், லெவன்சன் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தீக்காயச் சிகிச்சையையும் கை துண்டிக்கப்படுவதையும் காட்டும் படங்களைப் பார்த்தவர்களில் முகபாவத்தை மறைத்தவர்களுக்கு நாடித்துடிப்பு குறைந்தது. ஆனால் வியர்வையிலும் ரத்தக்குழாய்களிலும் உடலை அவசரநிலைக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தின் தூண்டல் கூடியது. மனத்துக்குள் இருந்த அருவருப்போ சிறிதும் குறையவில்லை. அந்தச் சில நிமிடத் தூண்டல் இதயத்தைப் பழுதாக்கும் என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற தாதி:
அம்மா, 150ஐவிட அந்தக் கண் இருட்டலைத்தான் நான் கவனிப்பேன். ரத்தத்தையோ காயத்தையோ தாங்க முடியாதவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறி, பிறகு நாடி தளர்ந்து, குழாய்கள் விரிந்து சட்டென்று இறங்கிவிடும். பயிற்சிக்கு வந்த எத்தனையோ பிள்ளைகள் சிகிச்சை அறையிலேயே சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே குந்தியபடியோ நின்றபடியோ செய்யாமல், முதுகு சாய்ந்த நாற்காலியில் அமர்ந்து, மாமியாரின் காலை முக்காலியில் வைத்துக் கட்டு மாற்றுங்கள். இருட்டிக்கொண்டு வந்தால் உடனே படுத்துக் கால்களை உயர்த்துங்கள். கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கித் தளர்த்தும் முறை ஒன்று உண்டு. அது அழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றுவதற்கானது என்பதால் உங்களைப் போன்றவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

ஒட்டிய துணியை உப்புநீரில் நனைத்துப் பிரித்தால் வேலை சீக்கிரம் முடியும். முகக்கவசத்தின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டுக் கோடாலித் தைலம் தடவிக்கொள்ளலாம். ஆனால் வாடை முன்பைவிடக் கூடியிருந்தால் தைலத்தால் மறைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

செங்காங் தம்பி:
வாடைக்காக மூச்சை அடக்கிக்கொண்டு, குனிந்து வேலை செய்து, எழுந்தவுடன் அளந்தால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஐந்து நிமிடம் பேசாமல், கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சுமட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

பூன் லே வாசி:
அனைவருக்கும் நன்றி. தம்பி சொன்னதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்து வந்தேன். பலதுறை மருந்தகத்தில் அடுத்த பரிசோதனையின்போது, ஓய்வாக அமர்ந்து அளந்த எண்களோடு கண் இருட்டுவதையும் மருத்துவரிடம் சொல்கிறேன். மாத்திரை போட்ட சற்று நேரத்தில் கட்டு மாற்றினால் இருட்டுவது அதிகமாகுமா என்பதைத் தாதி அம்மா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி:
அம்லோடிபின் மெதுவாக வேலை செய்து நாள் முழுதும் நீடிக்கும் மருந்து. அதனால் நேரத்தை மாற்றுவதில் பெரிய பலன் இருக்காது. வெறும் வயிற்றோடும் தண்ணீர் குடிக்காமலும் உட்காராதீர்கள். மயக்கம் வருவதற்கு அவையும் வழிவிடலாம்.