மின்னும் ஒயினா, நுரைத்தேறலா?

நண்பர்களுக்கு வணக்கம். 'ஸ்பார்க்லிங் ஒயின்' என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது. ஒருவர் எழுதியிருந்தார்:

> "மின்னும் ஒயின்" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் என் சிக்கல். "மின்னும்" ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வந்தது. சரக்குக்குச் சொந்தக்காரர்களான பிரெஞ்சுக்காரர்கள் 'மூசூ' என்கிறார்கள், அதாவது நுரைப்பது. இங்கே ஐயா ஒருவர் சொன்ன "குமிழி மது" எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அதை வேறொன்றுக்கு எடுத்துவைக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி 20 டிகிரியில் புட்டிக்குள் அழுத்தம் 3 'பார்' என்ற அளவுக்குக் குறையாமல் இருந்தால்தான் மூசூ. 1 முதல் 2.5 வரை என்றால் அது பெத்தியான், வேறு வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நாளைக்கு நாமே மாட்டிக்கொள்வோம்.

அதனால் மூசூவுக்கு நுரைத்தேறல், பெத்தியானுக்குக் குமிழித்தேறல். "தேறல் பழஞ்சொல், யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் கேட்டிருந்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு 56 தேறல் என்றுதான் சொல்கிறது. அது கிடக்கட்டும், பழமைக்காக நான் கேட்கவில்லை. தேறல் என்றால் தெளிந்தது. நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் கையேட்டில் வருவது கிரெமான் து லுவார், பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி மூசூ (கிரெமாண்ட் வேண்டாம், கடைசி எழுத்துக்கு ஒலி இல்லை). இரண்டாவது நொதிப்பு புட்டிக்குள்ளேயே நடக்கிறது, செத்த ஈஸ்ட் மண்டியாக அடியில் தங்குகிறது, அந்த மண்டியோடு குறைந்தது 9 மாதம் கிடக்க வேண்டும், ரொட்டி வாசனை அதிலிருந்துதான் வருகிறது. அப்புறம் புட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாக்கி, கழுத்தை மட்டும் உறையவைத்து மூடியைத் திறந்தால் மண்டி ஐஸ் கட்டியாகத் தெறித்து வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சுவது தெளிந்த மது. இதற்குத் தேறலை விடப் பொருந்தும் சொல் இருந்தால் சொல்லுங்கள். இந்த மண்டியைப் பிரெஞ்சில் லீ என்பார்கள், அதற்கும் "வண்டல்" வேண்டாம், அது ஆற்றுக்கு. கள் இறக்குபவர்கள் சொல்லும் மண்டியே போதும்.

புட்டியில் இனிப்பின் அளவைக் குறிக்கும் 'ப்ரூத்' என்பதற்கு "உலர்" என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் ப்ரூத். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று எழுதியிருப்பதில் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூத்தை விட இனிப்பு! ஒயினில் 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது, அதனால் "மிகை உலர்" என்று பெயர்த்தால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ப்ரூத்துக்கு "இனிப்படங்கிய" என்று போட்டிருக்கிறேன், எக்ஸ்ட்ரா ட்ரைக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியாக, எந்த உணவோடு எது சேரும் என்பதற்கான சொல். "சைடிஷ்" என்று எழுதியவர் சிரிப்பதற்காக எழுதியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் குடிக்குத் தொட்டுக்கொள்ளத்தான் சைடிஷ், அங்கே சாப்பாட்டுக்காகத்தான் ஒயின். அவர்கள் சொல் 'அக்கோர்', இசைவு. ஆகவே உணவிசைவு. லுவார் பக்கத்து வெள்ளாட்டுப்பால் சீஸ் ஒன்று உண்டு, செந்த்-மோர் து தூரேன். நீள உருளை, மேலே சாம்பல் பூச்சு, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு. அதன் புளிப்பும் கிரெமானில் இருக்கும் ஷெனான் திராட்சையின் புளிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், அது ஒருவகை இசைவு. பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த ரியெத், வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்றுமீன், இவற்றோடு குடித்தால் புளிப்பும் நுரையும் நாக்கில் படிந்த கொழுப்பை வழித்துவிடும், அது எதிர்வகை இசைவு. "ஜோடி உணவு" என்ற சொல்லில் இந்த வித்தியாசம் நிற்காது. கேக்கோடு ப்ரூத் குடித்தால் மட்டும் வெறும் புளிப்புதான் தெரியும், அதற்கு இசைவின்மை என்றே எழுதிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை வரை மறுப்பு வரவில்லை என்றால் நுரைத்தேறல், மண்டி, உணவிசைவு மூன்றையும் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன். எக்ஸ்ட்ரா ட்ரைக்கு யாராவது கை கொடுங்கள்.