அலாரம் அடித்தபோது பார்த்தவை: பல்கலைக்கழக வளாக அனுபவங்கள்

பாதுகாப்புக் குழு உறுப்பினர்

எங்கள் வளாகத்தின் அவசரகாலத் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய திட்டத்தில் வரைபடம் உண்டு, தொலைபேசி எண்கள் உண்டு, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. படித்துப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்து நடத்திய ஒத்திகைகள் எல்லாமே வேலை நாளில், காலை பதினொரு மணி வாக்கில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு நடந்தவை. அதனால் ஒருமுறை விடுதியில் இரவு ஒத்திகை வைத்துப் பார்த்தோம்.

அந்தக் கட்டடத்தின் இரண்டு முனையிலும் படிக்கட்டு இருக்கிறது. பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஒருவர்கூட இறங்கவில்லை. அதற்குப் பக்கத்து அறைகளில் இருந்தவர்களும் நீள நடைபாதை முழுக்கக் கடந்து, தினமும் ஏறி இறங்கும் முன்படிக்கட்டுக்கே வந்தார்கள். ஆட்கள் உள்ளே வந்த வழியாகத்தான் வெளியேறப் பார்ப்பார்கள் என்று தீப் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அன்று அதை நேரில் பார்த்தோம். பிறகு பின்படிக்கட்டின் கீழ்க்கதவைப் போய்ப் பார்த்தால் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. திருட்டு பயம் என்றார்கள். சாவி முதன்மை வாயிலில் இருக்கும் காவலரிடம்! குறுக்குக் கம்பியை உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் இதற்கென்றே இருக்கின்றன. இப்போது அப்படி ஒன்றைப் பொருத்திவிட்டோம்.

இதுபோலக் காகிதத்தில் சரியாக இருந்து, நேரில் உதவாமல் போன எதையாவது நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள். புதிய திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

விடுதி மாணவர்

எங்கள் விடுதியில் சிக்கலே அலாரம் அடிக்கடி அடிப்பதுதான். வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் ஆவி பட்டு அடிக்கும். சமையல் மேடையில் எதையாவது கருகவிட்டால் அடிக்கும். முதல் மாதம் எல்லோரும் ஓடி இறங்கினோம். அப்புறம் பாதிப் பேர். அதற்கப்புறம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, புகை தெரியவில்லை என்றால் மறுபடி படுத்துக்கொள்வது என்றாகிவிட்டது.

இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 2000 ஜனவரி 19 அதிகாலையில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதி ஒன்றில் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அங்கே பொய் அலாரம் பலமுறை அடித்திருந்தது. அதனால் அன்றும் இது பொய் அலாரம்தான் என்று நினைத்துப் பலர் உடனே எழுந்திருக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பும் கிடையாது. அந்தத் தீக்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் விடுதிகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள்.

இதைப் படித்த பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து வார்டனிடம் பேசினோம். மாணவர்கள் அலட்சியம் என்றுதான் முதலில் சொன்னார். எந்த நாளில் எந்தக் கருவியால் அடித்தது என்று எழுதிக் காட்டியதும் கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் அதே இரண்டு மூன்று கருவிகள்தான். குளியலறை வாசலில் இருந்ததைத் தள்ளி வைத்தார்கள். சமையல் இடத்தில் புகையை உணர்வதற்குப் பதில் வெப்பத்தை உணரும் கருவியை வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அலாரம் அடித்த ஒவ்வொரு முறையும் அது ஏன் அடித்தது என்று அன்றைக்கே எல்லோருக்கும் குறுஞ்செய்தி வருகிறது. காரணம் தெரிந்ததும் மறுபடி இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

வேதியியல் ஆய்வு மாணவி

ஆய்வகத்தில் கண் கழுவும் குழாய் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதுவரை போக முடியுமா என்று கேளுங்கள். அமிலமோ காரமோ தெறித்தவருக்கு அந்த நேரத்தில் கண் தெரியாது.

எங்கள் ஆய்வகத்தில் இளநிலை மாணவர் ஒருவருக்குக் காரக் கரைசல் கண்ணில் தெறித்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இருந்தோம். குழாய்க்கு முன்னால் அட்டைப் பெட்டிகள். அவற்றைக் காலால் தள்ளிவிட்டுக் கைப்பிடியை அழுத்தினால் முதலில் வந்தது பழுப்பு நிறத் தண்ணீர். தெளிந்ததும் அவரைக் குனிய வைத்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டோம். குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது விதி. சுவரில் படிக்கும்போது அது சின்ன நேரமாகத் தெரியும். கண் எரிகிற ஆளுக்குக் கொஞ்ச நேரத்திலேயே போதும் என்று தோன்றிவிடும், "சரியாகிவிட்டது அக்கா, விடுங்கள்" என்று கெஞ்சுவார். விடக் கூடாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். அவருக்குப் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அந்தக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுவது எங்கள் முறைவேலையில் சேர்ந்துவிட்டது. அந்த இடத்துக்குப் போக 10 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது, வழியில் எதுவும் இருக்கக் கூடாது என்று தரக்குறியீட்டிலேயே இருக்கிறது. தரையில் மஞ்சள் பட்டை அடித்து, அதற்குள் எதையும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

திட்டம் எழுதுபவரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளையும் கணக்கில் எடுங்கள். 2008 டிசம்பர் 29, ஆண்டிறுதி விடுமுறைக் காலம். லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு வேதிப்பொருளைக் கையாண்ட ஆய்வு உதவியாளர் ஒருவர் தீக்காயப்பட்டு, 18 நாள் கழித்து இறந்தார். அவர் ஆய்வகக் கோட்டு அணிந்திருக்கவில்லை. ஆய்வு மாணவர்களின் வேலை ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும், நள்ளிரவிலும் நடக்கும். எந்த வேலையைத் தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது என்ற பட்டியல் ஒவ்வொரு ஆய்வகத்திலும் தொங்க வேண்டும்.

சக்கர நாற்காலியில் வரும் மாணவி

என் வகுப்பு மூன்றாம் மாடியில் நடக்கிறது. தீ அலாரம் அடித்தால் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு எனக்கு ஒரு வழியும் சொல்லவில்லை.

ஒத்திகை அன்று பேராசிரியர் என்னிடம், "நீ இங்கேயே இரும்மா, இது சும்மா ஒத்திகைதான்" என்றார். நல்ல மனிதர், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றைய பதிவில் கட்டடம் முழுவதும் காலியானது என்று எழுதினார்கள். நான் மூன்றாம் மாடியில் இருந்தேன்.

கூடப் படிப்பவர்கள் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மோட்டார் வைத்த நாற்காலியைப் படியில் தூக்க முடியாது, என்னைத் தனியாகத் தூக்குவதற்கும் முறை தெரிய வேண்டும். தவறாகப் பிடித்தால் எனக்கும் அடிபடும், அவர்களுக்கும் அடிபடும். படிகளில் சறுக்கிக்கொண்டு இறங்கும் மடக்கு நாற்காலி ஒன்று எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். இயக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

இப்போது ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் என் கால அட்டவணையோடு பாதுகாப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். எந்த நேரம் எந்தக் கட்டடம், அங்கே தீத்தடுப்புக் கதவு உள்ள படிக்கட்டு முகப்பு எது, நான் காத்திருக்கும் இடத்திலிருந்து கீழே பேச இண்டர்காம் உண்டா, நாற்காலியை இயக்கப் பழகிய இருவர் யார், அவர்கள் வராத நாளில் யார் என்று எல்லாம் எழுதி ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் தனித்திட்டம் வேண்டும், "மாற்றுத்திறனாளிகளுக்கு உதவவும்" என்ற ஒற்றை வரி போதாது. அதோடு, அடுத்த ஒத்திகையில் என்னையும் இறக்குங்கள். பயமாக இருந்தாலும் பரவாயில்லை.

காது கேளாத மாணவர்

நடைபாதையில் மின்னும் எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. கழிப்பறையில் இல்லை, தனியாகப் படிக்கும் சிறு அறைகளிலும் இல்லை. நான் தனியாக இருப்பது அந்த இடங்களில்தான். விடுதியில் கட்டிலுக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவி கேட்டு வாங்கியிருக்கிறேன். வகுப்புகளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

தகவல் தொடர்பு அலுவலகத்தில் பணிபுரிபவர்

எரிவாயுக் கசிவு ஏற்பட்ட அன்று எங்கள் வளாகத்திலிருந்து போன முதல் செய்தி: "அசாதாரணச் சூழல் நிலவுவதால் அனைவரும் எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." அந்த வரிக்கு மூன்று அதிகாரிகளிடம் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்க மாணவர்கள் கசிவு நடந்த கட்டடத்துப் பக்கமே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கே என்றும் சொல்லவில்லை, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை.

2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக வளாகத்தில் முதல் துப்பாக்கிச்சூடு காலை 7.15 வாக்கில் நடந்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26-க்கு. சிறிது நேரத்தில் வகுப்பறைக் கட்டடத்தில் இரண்டாவது தாக்குதல். அன்று 32 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, ஆபத்து உறுதியானதும் தாமதிக்காமல் வளாகத்தில் இருப்பவர்களை எச்சரிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.

இப்போது தீ, வாயு, வெள்ளம், வன்முறை என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதி ஒப்புதல் வாங்கிய வாசகங்கள் எங்களிடம் இருக்கின்றன. இடப்பெயரை நிரப்பினால் போதும். பணியில் இருக்கும் அலுவலரே அனுப்பலாம், யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. "இயற்பியல் கட்டடத்தில் எரிவாயுக் கசிவு. அந்தப் பக்கம் போகாதீர்கள். உள்ளே இருப்பவர்கள் மின் சுவிட்சுகளைத் தொடாமல் உடனே வெளியேறி மைதானத்துக்கு வாருங்கள். அடுத்த செய்தி 15 நிமிடத்தில்." கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இரவுக் காவலர்

நான் அதிகம் எழுதிப் பழகியவன் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தும் ஆளிடம் போய்ச் சேராமல் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். கட்டடங்களுக்கெல்லாம் பெரியவர்களின் பெயர், வெளியிலிருந்து வரும் ஓட்டுநருக்கு எது எங்கே என்று எப்படித் தெரியும்? இரவில் பக்க வாயிலையும் பூட்டிவிடுகிறோம். இப்போது அழைப்பு வந்ததும் ஒருவர் டார்ச்சோடு வாயிலுக்குப் போய் நின்று, வண்டியில் ஏறி வழிகாட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி அலுவலக அறைக்குள் இருந்தது, மாலையில் அறையைப் பூட்டிவிடுவார்கள். முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு நாங்களே மனு கொடுத்து, பெட்டியை வெளிச்சுவரில் மாட்ட வைத்தோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தவும் கற்றுக்கொண்டோம். இரவில் முதலில் ஓடுவது நாங்கள்தான். பயிற்சிக்கு எங்களையும் கூப்பிடுங்கள் சார்.

பாதுகாப்புக் குழு உறுப்பினர்

அண்ணா, அடுத்த பயிற்சி இரவுப் பணி மாறும் நேரத்தில்தான் நடக்கும். காது கேளாத தம்பி சொன்ன அறைகளை மின் பிரிவோடு இந்த வாரமே போய்ப் பார்க்கிறேன். மடக்கு நாற்காலியை இயக்கக் கற்றுக்கொள்ள முன்வருபவர்கள் இங்கேயே சொல்லுங்கள். கட்டடத்துக்கு இருவர் போதாது, விடுப்பு எடுப்பவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நூலக இரவுப் பணியாளர்

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நூலகத்தில் உள்ளே வரும்போது மட்டும்தான் அட்டையைத் தேய்க்கிறார்கள், வெளியே போகும்போது இல்லை. காலி செய்யும்போது உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தீயணைப்பு வீரர் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. வெளியே போகும்போதும் பதியும் வசதி வரும்வரை மாடிக்கு ஒருவர் கழிப்பறை, புத்தக அடுக்கின் கடைசி வரிசை, படிப்பறைகள் என்று பார்த்துக்கொண்டே இறங்கி, ஒன்றுகூடும் இடத்தில் "என் மாடி காலி" என்று சொல்வதாக வைத்திருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு மேல் பணியில் இருப்பது நான் ஒருவன், மாடிகள் நான்கு. அந்த நேரத்துக்கு என்ன செய்யலாம்?