சாப்பிட வருபவரிடம் எதற்குச் சான்று?

பொதுச் சமையற்கூடம் ஒன்றில் பரிமாறுகிறேன். முன்னாள் படைவீரர்களும், மாதக் கடைசியில் அடுப்பு மூட்ட வழியில்லாதவர்களும் இங்கே ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். இவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது கேள்விகள்தான் என்பது நான் கண்கூடாகக் கண்டது.

முன்பு இங்கே ஒரு படிவம் இருந்தது. வருமானம் எவ்வளவு, பணிச் சான்று உண்டா என்றெல்லாம் கேட்கும். முன்னாள் வீரர் ஒருவர் அதை முழுவதும் படித்துவிட்டு, நான்காக மடித்து மேசைமீது வைத்தார். "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதே பதிலைப் படையில் இருந்த வேறு பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பசித்தவர் தன் பசியை நிரூபிக்க வேண்டியதில்லை என்று நாங்கள் சிலர் வாதாடி அந்தப் படிவத்தை எடுக்க வைத்தோம்.

பிறகு படிவத்தை மடித்து வைத்துப் போன அந்த வீரர் வந்தார். கூடத்தை ஒருமுறை நோட்டம் விட்டு, சுவரில் முதுகு சாய்த்து வாசலைப் பார்க்கும்படி உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் உள்ளே ஒரு பாத்திர மூடி கீழே விழுந்தது. மேசை விளிம்பைப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்துவிட்டன. பக்கத்தில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். போர் போன்ற கொடுமைகள் விட்டுச்செல்லும் மன அதிர்ச்சி, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றதே 1980இல்தான். அதற்கு முன்பே படையை விட்டு வந்தவர்கள் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள்? இப்போது மூடிகளைத் துணி விரித்து அதன்மேல் வைக்கிறோம். சுவரோர இருக்கைகளை அவர்களுக்காகவே விட்டுவைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்மார்கள் தங்கள் பங்கைச் சாப்பிடாமல் பைக்குள் ஒளித்துக்கொள்வார்கள். அதைக் கண்டிக்க எனக்கு மனம் வராது. ஆனால் சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் வீட்டுக்கென்று தனிப் பொட்டலத்தை அவர்கள் கிளம்பும்போது சூடாகக் கட்டித் தருகிறோம். அது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தட்டில் இருப்பதை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

வாசல்வரைகூட வராத வீரர்களை எப்படி அழைத்துவருவது என்பதுதான் எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.