பெண்ட் பைப்பில் உள்ள பயன்படாத சென்சார் துளையை எதைக் கொண்டு அடைப்பது?

கேட்டவர்:
என்னுடையது கார்புரேட்டர் கொண்ட பழைய மோட்டார் சைக்கிள். அதன் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுசெல்லும் வளைந்த குழாய்) துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டதால், அதே வண்டியின் பிற்கால இன்ஜெக்ஷன் வகைக்கு உரிய ஸ்டெயின்லெஸ் பைப் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அளவெல்லாம் சரியாகவே அமைந்தது. ஆனால் இன்ஜினிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தொலைவில் ஆக்ஸிஜன் சென்சாருக்கான மரையிட்ட துளை ஒன்று இருக்கிறது. என் வண்டியிலோ சென்சாரும் இல்லை, அதற்கான ஒயரும் இல்லை. வீட்டிலிருந்த 12 மி.மீ. போல்ட் ஒன்றில் டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கினேன். ஒன்றரைச் சுற்று போனதும் நன்றாக இறுகிவிட்டது. மறுநாளே டேப் கருகிய நெடி வந்தது. மூன்றாம் நாளிலிருந்து, வேகமாகச் சென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கிறது, போல்ட்டைச் சுற்றிக் கரியும் படிகிறது. அதன்மேல் சைலன்சருக்கென்று விற்கும் சிமெண்டை அப்பிப் பார்த்தேன். இரண்டே நாளில் அதுவும் பொரிந்து விழுந்துவிட்டது. நிலையாக அடைக்க என்ன வழி?

பதில் 1:
ஒரு சிறு ஸ்டெயின்லெஸ் தகட்டை வைத்து டிக் வெல்டிங்கில் பற்றவைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

பதில் 2:
பற்றவைப்பது தவறில்லை. ஆனாலும் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஏனெனில் நீங்கள் எழுதியதில் “ஒன்றரைச் சுற்று போனதும் இறுகிவிட்டது” என்ற இடத்திலேயே நோய் தெரிந்துவிடுகிறது. சாதாரணமாகக் கிடைக்கும் 12 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1.75 மி.மீ.; சென்சார் துளைகளில் வெட்டப்படுவது அதைவிட நெருக்கமான மரை. மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 12 மி.மீ. விட்டத்தில் 1.25 மி.மீ. இடைவெளியோ, 18 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. இடைவெளியோ இருக்கும். விட்டம் ஒன்றாக இருந்து இடைவெளி மட்டும் மாறினால் போல்ட் ஒன்றிரண்டு சுற்று ஏறி, மரையோடு மரை சிக்கி நின்றுவிடும். கைக்கு அது இறுகியது போலத்தான் தோன்றும். உண்மையில் போல்ட்டின் தலை துளையின் விளிம்பில் உட்காரவே இல்லை.

இடைவெளியைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி இல்லையென்றால், 12 மி.மீ. மரை கொண்ட பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரை இடைவெளியும் 1.25 தான். அது கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் ஐயம் தீர்ந்தது. வெர்னியரால் துளையின் உள்விட்டத்தையும் அளந்து பாருங்கள், 10.7 மி.மீ.க்கு அருகில் வர வேண்டும்.

டெஃப்லான் டேப் ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் சிதைந்து நச்சுப்புகையை விடும். இன்ஜினுக்கு ஒரு சாண் தொலைவில் வரும் புகையின் வெப்பம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்பதால், டேப், சிலிக்கான் பசை, ரப்பர் வாஷர் ஆகிய எதற்கும் அங்கே வேலை இல்லை. அங்கே அடைப்பது மரை அன்று, தலைக்கு அடியில் போடும் செப்பு வாஷர்தான். மரையின் வேலை அந்த வாஷரை அழுத்திப் பிடிப்பது மட்டுமே.

கேட்டவர்:
மிக்க நன்றி. உள்விட்டம் 10.7 வருகிறது. ஸ்பார்க் பிளக் முதல் சுற்றிலேயே சிக்குகிறது. என் போல்ட் முதல் இரண்டு மரைகளை நசுக்கிவிட்டது என்று நினைக்கிறேன். இன்னொரு ஐயம்: பிளக் ஏறிவிட்டால், அந்தப் பழைய ஸ்பார்க் பிளக்கையே அடைப்பாக விட்டுவிடலாமா?

பதில் 3:
விடலாம், பலர் விட்டும் இருக்கிறார்கள். நானும் ஒரு மாதம் அப்படி ஓட்டியிருக்கிறேன். ஆனால் பிளக்கின் மரைப்பகுதி நீளம் பெரும்பாலும் 12.7 அல்லது 19 மி.மீ.; துளையின் ஆழமோ 10 மி.மீ. அளவுதான் இருக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் கரி இறுகிப் படிந்துவிட்டால், கழற்றும்போது துளையின் நல்ல மரையையும் அது சீவிக்கொண்டு வரும். வெளியே நிற்கும் வெள்ளைப் பீங்கானில் கல் பட்டால் உடைந்தும் போகும். ஆகவே சோதனைக்கு அது போதும், நிலையாக வேண்டாம்.

பதில் 2:
நசுங்கிய மரைக்கு 12 × 1.25 டேப் (சுற்றும் டேப் அன்று, மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையாலேயே செலுத்துங்கள். டிரில்லில் மாட்டி ஓட்ட வேண்டாம். பைப்பைக் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்துக்கொண்டால் துருவல் உள்ளே விழாது.  டேப்பை வெளியிலிருந்து விட்டு, அரைச்சுற்று முன்னும் கால்சுற்று பின்னுமாகத் திருப்புங்கள்.

அடைப்பானுக்கு, சென்சார் துளைக்கென்றே செய்யப்பட்ட ஸ்டெயின்லெஸ் பிளக் நல்லது. துத்தநாகம் பூசிய போல்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், பிறகு மிஞ்சுவது துருப்பிடிக்கும் வெறும் இரும்பு. ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரையைக் கவ்விக்கொள்ளும் குணமுடையது, எனவே நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையை மரையில் மெலிதாகத் தடவுங்கள். வாஷர் பழையதென்றால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செப்பு மீண்டும் மென்மையாகிவிடும். கையால் முடிந்தவரை திருகிய பின் ஸ்பேனரால் கால்சுற்று முதல் அரைச்சுற்று வரை போதும். வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும்.

பதில் 4:
இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. வேலை செய்கிற சென்சாரைக் கழற்றிவிட்டு இப்படி அடைக்காதீர்கள். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதன் அளவீட்டைக் கொண்டுதான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அது இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், மைலேஜும் புகையும் கெடும்.

கேட்டவர்:
டேப் விட்டு மரையைச் சரிசெய்து, ஸ்டெயின்லெஸ் பிளக்கையும் புதிய செப்பு வாஷரையும் போட்டுவிட்டேன். இம்முறை ஏழு சுற்று தடங்கலின்றி இறங்கியது. வெடிப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, ஆனால் முழுவதும் நிற்கவில்லை. பிளக் இன்னும் கசிகிறதா?

பதில் 2:
ஊகிக்க வேண்டாம். இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் குழாயைச் சைலன்சரின் வாயில் துணி சுற்றிச் செருகிக் காற்றை விட்டு, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். புகை பைப்பில் அலையலையாகப் போகிறது. ஒவ்வோர் அலையின் பின்னாலும் அழுத்தம் குறையும் நொடியில் வெளிக்காற்று கசிவின் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது எரியாமல் வரும் பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு கலந்து சூடான பைப்புக்குள் பற்றுவதுதான் நீங்கள் கேட்கும் ஓசை. இன்ஜினுக்கு அருகில் உள்ள எந்தக் கசிவும் இதைச் செய்யும், அது சென்சார் துளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கேட்டவர்:
பிளக்கில் ஒரு குமிழ்கூட இல்லை. இன்ஜின் ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் நுரை பொங்கி வந்தது. பைப் மாற்றியபோது அந்த இணைப்பை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தேன், அது ஏற்கெனவே நசுங்கித் தட்டையாகிவிட்டது. புதியதைப் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினேன். இப்போது வெடிப்பு இல்லை.

பதில் 3:
இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஆறிய வண்டியில் பிளக்கையும் அந்த நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புதிய வாஷரும் புதிய கேஸ்கெட்டும் முதல் சில சூடுகளில் சற்றே அமுங்கும்.

கேட்டவர்:
பார்த்தேன். நட்டுகள் கால்சுற்று ஏறின, பிளக் அசையவில்லை.