ஜிபிஎல் நிரலும் ஓப்பன்எஸ்எஸ்எல்லும்: உரிமச் சிக்கலைத் தீர்த்த அனுபவங்கள்

முதல் பகிர்வு

பேக்கப் எடுக்கும் சிறிய மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். சி மொழியில் எழுதியது, உரிமம் ஜிபிஎல் 2 (நிரலை யாரும் மாற்றிப் பகிரலாம், ஆனால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்னும் உரிமம்), பாதுகாப்பான இணைய இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஆயத்த நிரல் நூலகம். அந்த நூலகத்தின் பழைய உரிமத்தில் ஒரு விளம்பர நிபந்தனை இருந்தது: விளம்பரங்களில் அதை உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். ஜிபிஎல்லோ, தன்னிடம் இல்லாத கூடுதல் கட்டுப்பாடு எதையும் ஏற்காது. அதனால் இரண்டையும் சேர்த்து வெளியிடுவதில் சிக்கல். 2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0 என்ற வேறொரு உரிமத்தில் வந்தது. அதோடு பிரச்சினை ஓய்ந்ததா என்றால், இல்லை. அப்பாச்சி 2.0 ஜிபிஎல் 3-உடன் ஒத்துப்போகும். ஆனால் அதிலுள்ள பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) விதிகளால் ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகாது.

நாங்கள் தேர்ந்த வழி ஜிபிஎல் 3-க்கு மாறுவது. "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது" என்று எழுதியிருந்தால் யாரையும் கேட்காமலே மாறலாம். அது தெரிவது ரூட்டில் (திட்டத்தின் முதன்மை அடைவில்) கிடக்கும் உரிமக் கோப்பில் இல்லை. ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பில்தான். எல்லாவற்றையும் திறந்து படித்தோம். பெரும்பாலானவை சரி. சிலவற்றில் "பதிப்பு 2 மட்டும்" என்று இருந்தது. அவற்றில் கை வைத்தவர்களை கிட் (நிரல் மாற்றங்களை யார் செய்தார் என்று பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் தேடி மடல் போட்டோம். சம்மதம் வந்த மடல்களை அப்படியே ரெபோவில் (நிரல் களஞ்சியத்தில்) சேர்த்து வைத்தோம். பின்னாளில் யாராவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா?

ஒருவர் மட்டும் கிடைக்கவே இல்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று குழுவில் ஒரு குரல் எழுந்தது. நான் உறுதியாக மறுத்தேன். இலவசமாக உழைத்துத் தந்தவரின் உரிமையை நாமே மதிக்காவிட்டால் நம் உரிமத்தை வேறு யார் மதிப்பார்கள்? அவர் எழுதிய பகுதியை நீக்கினோம். பழைய நிரலைப் பார்த்தே இராத ஒரு தோழி, அது என்ன செய்ய வேண்டும் என்ற விவரத்தையும் சோதனைகளையும் மட்டும் வைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்தார். பழையதைவிடத் தெளிவாகவே வந்தது.

மறுமொழி

நாங்கள் வேறு வழியில் போனோம், அண்ணா. ஓப்பன்எஸ்எஸ்எல்லுடன் இணைக்கலாம் என்று உரிமத்திலேயே ஒரு விதிவிலக்கு சேர்க்கத்தான் முதலில் நினைத்தோம். அதற்கும் பதிப்புரிமை உள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும். எங்கள் நிரலில் இன்னொரு ஜிபிஎல் திட்டத்திலிருந்து எடுத்த கோப்புகளும் இருந்தன. அவற்றுக்கு விதிவிலக்கு கொடுக்க நாங்கள் யார்? அப்புறம் அதே வேலையைச் செய்யும் க்னூடிஎல்எஸ் என்ற வேறு நூலகத்துக்கு மாறினோம். அதன் உரிமம் எல்ஜிபிஎல் 2.1, ஜிபிஎல்லின் தளர்வான வடிவம். இந்தத் தகராறு இல்லை. சான்றிதழ் சரிபார்க்கும் பகுதியை மட்டும் முழுக்க மாற்றி எழுத வேண்டியிருந்தது. நேரம் இருப்பவர்கள் அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள்.